ஐந்து வாட்டும் மொட்டை மாடியும்

2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி18 ராக்கெட்டில், மேகா-டிராபிக்ஸ் என்ற ஆயிரம் கிலோ செயற்கைக்கோளுக்குத் துணையாக மூன்று பொடிசுகளும் போயின. அதில் ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்களுக்குச் சொந்தம்: காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய எஸ்.ஆர்.எம்.சாட். எடை 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 867 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வில் சுற்றியது. அந்தச் சாய்வால் லண்டனில் இருக்கும் ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. மறைமலை நகருக்கோ பெரும்பாலான சுற்றுகளில் தலையைக் காட்டிவிட்டுத்தான் போகும். அதன் குரல் ஒலித்தது 437 மெகாஹெர்ட்ஸில், ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பேண்டில்.

இரண்டரை ஆண்டுக்கு முன்னால், 2009 ஏப்ரல் 20-இல், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் மேலே போயிருந்தது. 2016 ஜூன் 22-இல் செம்மஞ்சேரியிலிருந்து ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட். தாம்பரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் மூன்று கல்லூரிச் செயற்கைக்கோள்களின் பிறந்த வீடும் அதற்குள் அடங்கிவிடும். இந்திய ஊர்களில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவை அதிகமில்லை.

இதே வட்டாரத்தில் புதிதாக ஹாம் உரிமம் வாங்கியவர்களின் புலம்பல் ஒன்றும் உண்டு. ‘கையடக்க ரேடியோவில், அதான் ஹேண்டியில், முழுசாக ஐந்து வாட் போட்டும் மறைமலை நகரிலிருந்து தாம்பரத்துக்குக் கேட்கவில்லை. ஐம்பது வாட் ரிக் வாங்கலாமா?’ தூரம் 18 கிலோமீட்டர்தான். இஸ்ரோ 2005 மே 5-இல் ஏவிய ஹாம்சாட்டின் டிரான்ஸ்பாண்டர் தந்தது வெறும் 1 வாட். அறுநூறு கிலோமீட்டருக்கு மேலேயிருந்து வந்த அந்த ஒரு வாட்டை, கையில் பிடித்த சின்ன யாகி ஆன்டெனாவை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் உலகமே கேட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஐம்பது வாட் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சாதி. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். கீழ்த்தள ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பிடிக்கும் ஹேண்டிக்கு, சுவர்களே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஐந்து கிலோமீட்டர். மாடிக்கு மேல் 10 மீட்டரில் ஒரு ஆன்டெனா இருந்தால் 13 கிலோமீட்டர். எதிர்முனையிலும் அதே உயரம் என்றால் 26. மறைமலை நகருக்கும் தாம்பரத்துக்கும் அது தாராளம். நடுவில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்து அடுக்குமாடிகளும் வண்டலூர்க் காட்டு மேடும் கொஞ்சம் தின்னும். தின்றது போக மிச்சம் இருக்கும். ஐந்து வாட்டை ஐம்பதாக ஏற்றினால் கிடைப்பது 10 டெசிபெல், அதாவது கேட்பவரின் எஸ்-மீட்டரில் இரண்டு புள்ளிகூட முழுசாக ஏறாது. தவிர, பவரை ஏற்றினால் கேட்கும் திறன் இம்மியும் கூடாது. உயரம் ஏற்றினால் இரண்டும் கூடும்.

முதல் ஆன்டெனாவைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் ஒரு எஸ்.ஓ.-239 சேசிஸ் சாக்கெட், வெல்டிங் கடையில் ஐந்து பித்தளைக் கம்பி. நடுக்கம்பி சாக்கெட்டின் நடுமுனையில் நேராக நிற்க வேண்டும். மற்ற நான்கும் நான்கு மூலைத் துளைகளில் திருகாணி போட்டு, 45 பாகை கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பியின் நீளம் 49 சென்டிமீட்டர் சுற்றி. முதலில் 52-ஆக விட்டுவிட்டு, ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வருவதுதான் உத்தமம். வெட்டிய கம்பி மறுபடி வளராது. கீழே வளைந்த நான்கு கம்பிகளும் மின்மறுப்பை 50 ஓம் பக்கம் இழுத்துக்கொண்டு வருவதால் வேறு மேட்சிங் எதுவும் தேவைப்படாது. பித்தளையில் சால்டர் பிடிக்க, கம்பி முனையை உப்புத்தாள் போட்டு மினுக்கிவிட்டுப் பெரிய அயர்னாக வைக்க வேண்டும். 25 வாட் பேனா அயர்ன் அந்தக் கம்பியைச் சூடாக்குவதற்குள் ஈயம் பொருபொருவென்று மேலே உட்கார்ந்துவிடும். பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், முதல் காற்றில் கழன்றுவிடும்.

செயற்கைக்கோளும் விண்வெளி நிலையமும் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னும் மலிவான வழி, அமெரிக்க ஹாம் ஜோ லெஜியோ பிரபலமாக்கிய டேப் யாகி. பி.வி.சி. குழாயில் தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் இஞ்ச் டேப்பைத் துண்டுகளாக வெட்டிப் பொருத்திய மூன்று எலிமென்ட் ஆன்டெனா அது. பஸ்ஸில் மடக்கி எடுத்துப் போகலாம். விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் குரலைச் சாதாரண ரப்பர் ஆன்டெனாவிலேயே பிடிக்க முடியும். யாகி இருந்தால் அடிவானத்திலிருந்தே பிடிக்கலாம். ஒரு கடப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 437 மெகாஹெர்ட்ஸில் கேட்பவர் டாப்ளரை மறக்கக் கூடாது: வரும்போது 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே, போகும்போது அதே அளவு கீழே. ஹேண்டியில் ஐந்து மெமரி சேனல்களை ஐந்தைந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் குமிழைத் திருகிக்கொண்டே போனால் போதும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து இந்திய மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான். அந்த வாரம் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இந்தப் பொழுதுபோக்கின் பேர் முதல்முறையாக அடிபட்டிருக்கும்.

ஆன்டெனாவை ஏற்றியதும் அடுத்த ஓட்டை கேபிளில். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்.ஜி.-58 மெலிசு, வளைக்கச் சுலபம், விலையும் கம்மி. 30 மீட்டர் ஓட்டினால் 145 மெகாஹெர்ட்ஸில் போட்ட பவரில் ஏறக்குறைய கால் பங்குதான் மேலே போய்ச் சேரும். 435-இல் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. தடித்த ஆர்.ஜி.-213 போட்டால் 145-இல் பாதியாவது மிஞ்சும். ஆகவே ஐம்பது வாட் ரிக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கேபிளுக்குக் கொடுப்பவர் கெட்டிக்காரர். கேபிளின் நீளத்தையே பத்து மீட்டர் குறைக்க, ரேடியோவை மாடிப்படி அறைக்கு மாற்றுகிறவர் அவரைவிடக் கெட்டிக்காரர்.

இதில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் செய்யும் துரோகம் ஒன்று பலருக்குத் தெரியாது. மேற்சொன்ன 30 மீட்டர் ஆர்.ஜி.-58-இன் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 435 மெகாஹெர்ட்ஸில் போகும்போது 11 டெசிபெல், திரும்பும்போது 11 டெசிபெல் என்று அலை கேபிளுக்குள்ளேயே சூடாகிச் செத்துவிடும். ரிக் பக்கம் இருக்கும் மீட்டர் 1.2-க்கும் கீழே காட்டி ‘எல்லாம் பிரமாதம்’ என்று சொல்லும். மழைநீர் புகுந்த கேபிளிலும் இதே கதைதான். அடைமழை முடிந்து எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று நன்றாகிவிட்டால் சந்தோஷப்படாமல் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே சடை பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. கையடக்க நானோ வி.என்.ஏ. இருந்தால் ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்து அளந்துவிடலாம். ஒரு சங்கத்துக்கு ஒன்று இருந்தாலும் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சுற்றும்.

பி.எல்.-259 கனெக்டர் தண்ணீர் தாங்காது. தாங்கும் என்று அதைச் செய்தவர்களே சொன்னதில்லை. மூட்டின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண கறுப்பு டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓட்டுக்கூரைபோல் நீர் வழிந்தோடிவிடும். சன்னலுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு தொங்கல் விட்டு வர வேண்டும். எம்-சீல் பூசும் வழக்கம் இந்தப் பக்கம் பரவலாக இருக்கிறது. அது தண்ணீரையும் விடாது, கனெக்டரையும் விடாது. அடுத்த முறை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எச்.எஃப்.-க்கு வந்தால், ‘என் இடத்தில் 40 மீட்டர் டைபோல் எங்கே கட்டுவது’ என்பதுதான் புறநகரின் நிரந்தரக் கேள்வி. 7.1 மெகாஹெர்ட்ஸ் அரை அலை டைபோலுக்கு மொத்தம் 20 மீட்டர், அதாவது 66 அடிக் கம்பி. ஒரு கிரவுண்டு மனை 40-க்கு 60 என்றால் அதன் மூலைவிட்டம் 72 அடி. தாராளமாகப் போகிறது, கயிறு கட்டவும் இடமிருக்கிறது. அரை கிரவுண்டு, 30-க்கு 40 மனைக்கு மூலைவிட்டம் 50 அடிதான். அங்கே தலைகீழ் ‘வி’ கட்ட வேண்டும்: நடுவில் கம்பம், இரண்டு பக்கமும் 33 அடி. நுனிகளைவிட நடுப்பகுதி 22 அடி உயரமாக இருந்தால் இரண்டு நுனியும் எதிரெதிர் மூலைகளில் கைப்பிடிச்சுவருக்குள்ளேயே வந்து இறங்கும். கம்பிகளுக்கு நடுவே கோணம் 90 பாகைக்குக் குறையாது. நுனியில் மின்னழுத்தம் அதிகம் என்பதால், துணி காயப்போட வருகிறவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது கட்டாயம்.

உயரம் குறைவாக இருக்கிறதே என்று இங்கே வருந்த வேண்டியதில்லை. ஏழெட்டு மீட்டரில் கிடக்கும் டைபோல், 7 மெகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி ஆற்றலைச் செங்குத்தாக மேலே தள்ளுகிறது. அது அயனி மண்டலத்தில் பட்டுக் குடைபோல் இறங்கி, பகலில் நாகப்பட்டினம், திருச்சி, மதுரை வரை விட்டுப்போகாமல் மூடும். அமெரிக்காவைப் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இது மட்டமான ஆன்டெனா. புயல் காலத்தில் மாவட்டத் தலைநகரங்களைப் பிடிக்க இதைவிட நல்லது கிடையாது. இருட்டிய பிறகு 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டியிருக்கும்; அதற்குக் கம்பி இரட்டிப்பு நீளம்.

இந்தக் கம்பியில் மாட்ட லட்ச ரூபாய் ரிக்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே எஸ்.எஸ்.பி. பேசலாம் என்று காட்டிய ரேடியோ. டொராய்டு கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் காயில் சுற்றலாம் என்று அந்த வடிவமைப்பு இடம் கொடுத்தது. பின்னால் வந்த பிட்எக்ஸ்-40 பலகையின் காயில்களை அங்குள்ள பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றியது, பலகைகள் உலகம் முழுக்கப் போயின. ஏழு வாட் வாக்கில் தரும் அந்தப் பெட்டியோடு மேலே சொன்ன டைபோலைக் கோத்தால், காலை நேர நெட்டுகளில், அதாவது ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசும் அரட்டைகளில், தென்னிந்தியா முழுவதும் தாராளமாகப் பேசலாம். பழுதானால் தானே திறந்து பார்க்கலாம் என்பது அதன் பெரிய சௌகரியம்.

ஆனால் ஏழு வாட் போய்ச் சேர்ந்தாலும் பதில் கேட்க வேண்டுமே. தொழிற்பேட்டை மோட்டார்கள், 25,000 வோல்ட் ரயில் பாதையின் தீப்பொறிகள் ஆகியவற்றுக்கு ஒரு தனிமனிதர் செய்யக்கூடியது குறைவு. வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல் அப்படியில்லை. ரேடியோவைப் பேட்டரியில் ஓட விட்டு, எம்.சி.பி.-களையெல்லாம் அணைத்து, எஸ்-மீட்டரைக் குறித்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக மேலே தள்ளினால் குற்றவாளி அரை மணியில் அகப்படுவார். பெரும்பாலும் எல்.இ.டி. பல்பு, வைஃபை அடாப்டர், மலிவு சார்ஜர். இப்போது பி.எல்.டி.சி. விசிறியும் மொட்டை மாடி சோலார் இன்வெர்ட்டரும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு சோலார் என்றால் சண்டைக்குப் போகாமல் ஒரு ஃபெரைட் வளையத்தோடு போவது நல்லது. குறைந்த அலைவரிசைக்கு ஒயரை வளையத்தில் ஒருமுறை நுழைத்தால் பயனில்லை, ஏழெட்டுச் சுற்றாவது வேண்டும்.

அடுத்தது கரன்ட். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மாடிகளில் நின்றவர்களிடம் செல்போன் இருந்தது. டவர்களுக்கு மின்சாரம் இல்லை. மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனதில் புறநகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்தப் பகுதியில் நிலையம் வைத்திருப்பவர் டிசம்பரை மனதில் வைத்துத்தான் பவர் சப்ளை போட வேண்டும்.

நல்ல செய்தி, பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பெரும்பாலான நடுத்தர வீடுகளின் மூலையில் உட்கார்ந்திருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர், ஹாமுக்குப் புதையல். பாதி மட்டும் எடுத்தாலும், வி.எச்.எஃப். மொபைல் ரிக் ஒன்றைக் குறைந்த பவரில் மூன்று நாள் ஓட்டிவிடலாம். விசிறிக்கும் விளக்குக்கும் கொடுக்காமல் இருந்தால். இன்வெர்ட்டரின் 230 வோல்ட்டிலிருந்து எடுத்து மறுபடி 13.8-ஆக இறக்கும் சுற்றுவழி வேண்டாம். இழப்பும் இரைச்சலும்தான் மிச்சம். பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர், முனையை ஒட்டியே ஃபியூஸ்.

ஒயரின் பருமனில்தான் பலர் வழுக்குகிறார்கள். நூறு வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கும் ரிக்குக்கும் மூன்று மீட்டர், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால், போக வர ஆறு மீட்டரில் 0.9 வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரியில் 12.6 இருக்கும், ரிக்கின் பின்புறம் 11.7. பல ரிக்குகள் 13.8-இலிருந்து 15 சதவீதம்தான் கீழே இறங்கச் சம்மதிக்கும், அந்த எல்லையும் சரியாக 11.7. பேசும்போது குரல் கரகரக்கும், சில நேரம் ரிக் அணைந்து எழும், ‘செட்டு போய்விட்டது’ என்று முடிவு கட்டுவார்கள். ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.4-க்குள் அடங்கும்.

இத்தனை ஆயத்தமும் எதற்கு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயருக்குப் போன ஹாம் குழு, அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசும் ஆசையில்தான் போயிருந்தது. பல ஆண்டு காத்திருந்து கிடைத்த அனுமதி அது. 26-ஆம் தேதி சுனாமியில் கடல் ஏறியதும் அதே ரிக்குகளும் ஆன்டெனாக்களும் தீவுகளின் நலச் செய்திகளைச் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் கடத்தும் வேலைக்குத் திரும்பின. இலங்கையில் விக்டர் குணதிலக்க குழுவினர் அம்பாந்தோட்டைக்குப் போய் நிலையம் போட்டார்கள். இரண்டு இடத்திலும் தேவைப்பட்ட கருவி, முந்தின வாரம் வரை வேடிக்கைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்ததுதான். பெட்டிக்குள் பத்திரமாக மூடி வைத்த ரேடியோ ஆபத்துக்கு உதவிய கதை அரிது. அதன் பேட்டரி செத்திருக்கும், கனெக்டர் காணாமல் போயிருக்கும்.

கருவி சரியாக இருந்தும் செய்தி குளறும் இடம் ஒன்று உண்டு, அது ஊர்ப்பெயர். ‘லட்சுமி நகர் மூன்றாவது தெரு’ என்று மட்டும் சொன்னால் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே எங்கே போய்த் தேடுவது? பாரதி நகருக்கும் அதே கதி. அஞ்சல் குறியீட்டு எண்ணையும் பக்கத்து ரயில் நிலையத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். எண்களை ஒவ்வொன்றாக: ஆறு-பூஜ்யம்-மூன்று-இரண்டு-பூஜ்யம்-ஒன்பது என்றால் மறைமலை நகர், சந்தேகமில்லை. யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, இருபது சொல்லுக்குள் செய்தி. வாங்கியவர் திருப்பிப் படித்துக் காட்டிய பிறகே லாக் புத்தகத்தில் ஏற வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஒரு ஞாயிறு, காலை ஏழு முதல் பத்து வரை, இப்பகுதிச் சங்கங்கள் ஒரு பயிற்சி நெட் வைக்கலாம். பங்கெடுக்கும் எல்லோரும் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டும், ரிப்பீட்டர் துணையில்லாமல், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பல்லாவரம் வரை பத்துச் செய்திகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்திப் பார்க்க வேண்டும். இடி கேட்டால் பயிற்சி ரத்து. கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மறுமுனையில் எத்தனை செய்தி எழுத்துப் பிசகாமல் வந்தது, எந்த நிலையம் எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே அவசியப்பட்டது என்ற குறிப்புகளை இவ்விதழுக்கு அனுப்பினால் நவம்பர் இதழில் வரைபடத்தோடு வெளியாகும்.